தினச் சொற்புதிரை அவிழ்ப்பது எப்படி? ஆயிரத்து நூறு வருடக் கதை

உங்களில் எத்தனை பேர் காலையில் எழும்பியதும், பல்லுத் தீட்ட முதலே, வேர்ட்ல் விளையாடுகிறீர்கள்? ஒளிக்க வேண்டாம். நானும் அப்படித்தான். ரொறன்ரோவில் வேலைக்குப் போகிற ரெயினில் என் பக்கத்தில் இருப்பவரின் போனிலும் அதே பச்சை, மஞ்சள், சாம்பல் பெட்டிகளைத்தான் பார்க்கிறேன்.

போன மாதம் அக்காவின் மகன் (14 வயது) என்னிடம் கேட்டான். "மாமா, எந்தச் சொல்லோட தொடங்கினா வெல்லலாம்?"

சின்னப் பதில் இதுதான்: 'சேலட்'. எஸ்-ஏ-எல்-ஈ-ரி. பழைய காலத்துப் போர்வீரர்கள் போட்ட ஒருவகைத் தலைக்கவசத்தின் பெயர் அது. வேர்ட்லின் முதல் பட்டியலில் இருந்த 2,315 விடைகளையும் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்கள், இந்தச் சொல்லில் தொடங்கிப் பிழை விடாமல் விளையாடினால் சராசரியாக 3.42 தடவையில் முடிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். அவனுக்கு அது போதும், எழும்பிப் போய்விட்டான். எனக்குப் போதவில்லை. ஏன் அந்தச் சொல்? அதைத் தேடிக்கொண்டு போனால் பாக்தாத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

9ஆம் நூற்றாண்டு. பாக்தாத்தில் அல்-கிந்தி என்ற அறிஞர் இருந்தார். கணிதம், மருத்துவம், இசை என்று அவர் எழுதாத விஷயம் குறைவு. இரகசிய எழுத்தில் உள்ள கடிதத்தை எப்படி வாசிப்பது என்றும் ஒரு நூல் எழுதினார். அவருடைய வழி மிகவும் எளிமையானது. அந்த மொழியில் சாதாரணமாக எழுதிய ஒரு நீண்ட பக்கத்தை எடுங்கள். எந்த எழுத்து எத்தனை தரம் வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு இரகசியக் கடிதத்தில் உள்ள குறிகளையும் எண்ணுங்கள். அங்கே அதிகம் வருகிற குறிதான், இங்கே அதிகம் வருகிற எழுத்தாக இருக்கும். அவ்வளவுதான். நீங்கள் முதல் சொல்லில் 'ஈ'யையும் 'ஏ'யையும் போட்டுப் பார்க்கிறீர்களே, அது அல்-கிந்தியின் வேலை.

எழுத்தை எண்ணுகிற இந்தப் பழக்கம் பிறகு பல இடங்களில் தலைகாட்டியது. தந்திக் குறியீட்டில் 'ஈ'க்கு ஒரேயொரு புள்ளி. அச்சுக்கூடத்தில் எந்த ஈய எழுத்து அதிகம் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அதைத் தீர்மானித்தார்கள். 1930களில் அமெரிக்காவில் பொருளாதாரம் விழுந்தபோது வேலை இழந்த அல்பிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் முதல் பக்கத்தை வைத்து எழுத்துகளை எண்ணினார். அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்க்ரபிள். 'ஈ'க்கு 12 கட்டைகள், 'கியூ'வுக்கு ஒன்று. ஆனால் 'எஸ்' எழுத்தை வேண்டுமென்றே நான்காகக் குறைத்துவிட்டார். எல்லாச் சொல்லின் வாலிலும் ஒரு 'எஸ்' ஒட்டிப் பன்மையாக்கி வென்றுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்குக் குறுக்குவழி தெரியுமென்று புதிர் செய்கிறவருக்கும் தெரியும். இதை மனதில் வைத்திருங்கள். வேர்ட்லின் விடைப் பட்டியலிலும் வெறும் 'எஸ்' சேர்த்த பன்மைகள் கிட்டத்தட்ட இல்லை. கடைசிப் பெட்டியில் 'எஸ்' போட்டு ஒரு தடவையை வீணாக்காதீர்கள்.

குறுக்கெழுத்துப் புதிரின் பிறந்தநாள் எங்களுக்குத் தெரியும். 1913 டிசம்பர் 21. லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா போன ஆர்தர் வின் என்பவர், நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையின் ஞாயிறு இதழில் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டார். (அவரும் புலம்பெயர்ந்தவர்தான் என்பதைச் சும்மா சொல்லிவைக்கிறேன்.) 1924இல் சைமன், ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் தங்கள் பதிப்பகத்தின் முதல் புத்தகமாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பை, ஒரு பென்சிலையும் சேர்த்துக் கட்டி விற்றார்கள். நாடே பைத்தியமானது. அதே வருடம் நியூயோர்க் ரைம்ஸ் இதை வீண்வேலை என்று திட்டி எழுதியது. போர் வந்த பிறகு, 1942 பெப்ரவரியில், அதே பத்திரிகை வழிக்கு வந்து தானும் குறுக்கெழுத்துப் போடத் தொடங்கியது. 2022 ஜனவரியில் வேர்ட்லைப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியதும் அதே பத்திரிகைதான். "போனைக் கீழ வை" என்று அம்மா திட்டும்போது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பலன் தருமென்று உறுதி சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்துக்காரர் குறுக்கெழுத்தை வேறு திசைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குறிப்பு நேராகப் பேசாது, இரண்டு பொருள்பட வரும். காளமேகப் புலவரின் சிலேடை போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். "பூவால் வந்தால் கழுத்துக்கு, பொழுதால் வந்தால் வீட்டுக்கு, இரண்டெழுத்து" என்று நான் கேட்டால் நீங்கள் 'மாலை' என்று சொல்லவேண்டும். இந்த வகைப் புதிருக்கு ஒரு பொன்னான உத்தி உண்டு. விடையின் நேரடிப் பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் இராது. மற்றதெல்லாம் கண்கட்டு.

இனி நான் சொல்ல ஆசைப்பட்டுக் காத்திருந்த பகுதி.

1942 ஜனவரி. லண்டனில் டெய்லி ரெலிகிராப் பத்திரிகையின் குறுக்கெழுத்து மிகவும் சுகமாகிவிட்டது, சில நிமிடத்தில் முடிக்கலாம் என்று பேச்சு எழுந்தது. 12 நிமிடத்துக்குள் ஒருவர் முடித்துக் காட்டினால் தர்மத்துக்கு 100 பவுண் தருகிறேன் என்று ஒருவர் சவால் விட்டார். பத்திரிகை அலுவலகத்தில் போட்டி வைத்தார்கள். எல்லாரிலும் வேகமாக முடித்தவர் ஒரு சொல்லில் எழுத்துப் பிழை விட்டு வெளியே போனார். நான்கு பேர் வென்றார்கள். கொஞ்ச நாளில் பங்கேற்றவர்கள் சிலருக்கு இராணுவத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது: நாட்டுக்கு முக்கியமான ஒரு விஷயம், வந்து சந்திக்கவும். அப்படிப் போனவர்கள் சேர்ந்த இடம் பிளெட்ச்லி பார்க், ஜேர்மனியின் எனிக்மா இயந்திரக் குறியீட்டை உடைத்துக்கொண்டிருந்த இடம்.

இந்தக் கதையை எல்லாரும் கொஞ்சம் ஊதிப் பெருப்பிப்பார்கள். பிளெட்ச்லியில் வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்கள் எல்லாம் குறுக்கெழுத்தால் வந்தவர்கள் இல்லை. என்னை உண்மையில் பிடித்து உலுக்கியது அந்தப் போட்டி இல்லை, மேவிஸ் லெவர் என்ற பெண்ணின் கதை. பிளெட்ச்லிக்கு வந்தபோது அவருக்கு 19 வயது. உங்களில் சிலரின் வயதுதான். பல்கலைக்கழகத்தில் ஜேர்மன் மொழி படித்துக்கொண்டிருந்தவர்.

எனிக்மாவுக்கு ஒரு பலவீனம் இருந்தது. அது எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. 'ஏ'யை அமத்தினால் மற்ற 25 எழுத்துகளில் ஏதோ ஒன்று வரும், 'ஏ' மட்டும் வராது. செய்தவர்கள் இதைப் பாதுகாப்பு என்று நினைத்திருப்பார்கள். உடைப்பவர்களுக்கு அது வரமாகப் போயிற்று. செய்திக்குள் 'காலநிலை' என்ற ஜேர்மன் சொல் எங்கோ இருக்குமென்று ஊகித்தால், அந்தச் சொல்லைச் செய்தியின் கீழே வைத்து ஒவ்வொரு இடமாக நகர்த்துவார்கள். எங்காவது ஒரு எழுத்து மேலேயும் கீழேயும் ஒன்றாக வந்தால், அந்த இடம் பிழை, தள்ளு. மிஞ்சிய இடங்களில் மட்டும் தேடு. வேர்ட்லில் சாம்பல் பெட்டி செய்யும் வேலை இதேதான். 'இல்லை' என்று சொல்வதும் ஒரு தகவல்.

ஒருநாள் மேவிஸின் கையில் இத்தாலியக் கடற்படைச் செய்தி ஒன்று கிடைத்தது. நீளமான செய்தி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. முழுச் செய்தியிலும் 'எல்' என்ற எழுத்து ஒரு தரம்கூட இல்லை. எப்படி அப்படி வரும்? ஒரேயொரு வழியால்தான். பரீட்சைக்காக ஏதாவது அனுப்பு என்று சொல்லப்பட்ட ஒரு இயக்குநர், பஞ்சிப்பட்டு, 'எல்' விசையையே திரும்பத் திரும்ப அமத்தியிருக்கிறார். மறைந்திருந்த செய்தி முழுவதும் 'எல்'. அதனால் வெளியே வந்ததில் 'எல்' மட்டும் இல்லை. அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு ஒரு புதிய சக்கரத்தின் உள்ளே கம்பிகள் எப்படி இணைந்திருக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். இதே மேவிஸும் அவருடைய குழுவும் 1941 மார்ச்சில் வாசித்த செய்திகள்தான் மத்தபான் கடற்போருக்கு முன் பிரித்தானியருக்கு எச்சரிக்கை கொடுத்தன. அந்தப் போரில் இத்தாலி மூன்று பெரிய போர்க்கப்பல்களை இழந்தது.

நாங்கள் எல்லாரும் பச்சையைத் தேடுகிறோம். மேவிஸ் சாம்பலைப் பார்த்தார்.

குறுக்கெழுத்து மறுபக்கமும் கடித்தது. 1944 மேயில், நோர்மண்டித் தரையிறக்கத்துக்குச் சற்று முன், அதே ரெலிகிராப் புதிரில் 'யூட்டா', 'ஒமஹா', 'ஓவர்லோர்ட்' என்று இரகசியப் பெயர்கள் விடைகளாக வரத் தொடங்கின. புதிர் செய்த லெனர்ட் டோ ஒரு பாடசாலைத் தலைமை ஆசிரியர். உளவுத்துறை வந்து விசாரித்துவிட்டுப் போனது. பல வருடம் கழித்து அவருடைய பழைய மாணவர் ஒருவர் சொன்னார்: கட்டத்தை நிரப்பச் சொற்கள் தரும்படி சேர் பொடியன்களைக் கேட்பார், நாங்கள் அருகிலிருந்த முகாம் சிப்பாய்களிடம் கேட்ட சொற்களைக் கொடுத்தோம் என்று.

போருக்குப் பிறகு இந்த விளையாட்டு என் பக்கத்துக்கு, பொறியியல் பக்கத்துக்கு, வருகிறது. மாஸ்டர்ஸ் படித்தபோது குளோட் ஷனன் 1948இல் எழுதிய கட்டுரையை வாசித்தேன். கைபேசி முதல் இணையம் வரை எல்லாவற்றுக்கும் அடித்தளமான கட்டுரை. சூத்திரங்களுக்கு நடுவே திடீரென்று குறுக்கெழுத்து! ஷனன் சொல்வது இது. ஒரு மொழியில் தேவைக்கு மிஞ்சிய எழுத்து எவ்வளவு இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அந்த மொழியில் குறுக்கெழுத்துச் செய்ய முடியும். எந்த எழுத்துக்குப் பிறகும் எந்த எழுத்தும் வரலாமென்றால் எந்தக் கட்டமும் குறுக்கெழுத்தாகிவிடும். கட்டுப்பாடு மிகவும் கூடினால் பெரிய கட்டம் செய்யவே முடியாது. ஆங்கிலத்தில் பாதியளவு மிஞ்சுகிறது, அதனால் பெரிய கட்டங்கள் ஒருமாதிரிச் சாத்தியமாகின்றன. மூன்றில் ஒன்றாக இருந்திருந்தால் முப்பரிமாணக் குறுக்கெழுத்தே செய்திருக்கலாமாம். 1951இல் அவர் வெளியிட்ட இன்னொரு சோதனையில், முன்னால் வந்த எழுத்துகளை மட்டும் காட்டி அடுத்த எழுத்தை ஊகிக்கச் சொன்னார். 129 எழுத்துகளில் 89ஐ முதல் ஊகத்திலேயே சரியாகச் சொன்னார்கள். மொழி தெரிந்த ஒருவரின் தலைக்குள் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது, அவருக்கே தெரியாமல்.

1970களில் மாஸ்டர்மைண்ட் என்ற நிறக்குமிழ் விளையாட்டுப் பரவியது. 1977இல் டொனால்ட் நூத் அதை ஆராய்ந்தார். 1,296 சேர்க்கைகளில் எதை ஒளித்து வைத்தாலும் ஐந்து தடவைக்குள் பிடித்துவிடலாம் என்று காட்டினார். அதில் ஒரு விசித்திரம் உண்டு: சில நேரம் அவருடைய முறை, விடையாக இருக்கவே முடியாத ஒன்றை வேண்டுமென்றே ஊகிக்கும். வெல்ல இல்லை, அறிய.

இது வேர்ட்லில் உங்கள் உயிரைக் காக்கும். கடைசி நான்கு எழுத்தும் பச்சை, முதல் எழுத்து மட்டும் தெரியவில்லை. நைட், லைட், ரைட், மைட், ஃபைட், சைட், டைட். ஏழும் சரியாகத்தான் தெரிகின்றன. ஒவ்வொன்றாகப் போட்டால் ஆறு தடவையும் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, இந்த முதல் எழுத்துகளில் மூன்று நான்கைச் சேர்த்து வைத்திருக்கும் வேறொரு சொல்லைப் போடுங்கள். அது விடையில்லை என்று உங்களுக்குத் தெரியும். பரவாயில்லை. ஒரு தடவையைக் கொடுத்து மூன்றைச் சேமிக்கிறீர்கள். நல்ல முதல் சொல் ஒன்று 2,315 சொற்களைச் சராசரியாக 60, 70 அளவுக்குக் கொண்டுவந்து விடுவதும் இதே கணக்கால்தான். அக்காவின் மகனுக்கு இதை விளங்கப்படுத்தினேன். "அப்ப தெரிஞ்சுகொண்டே பிழை விடுறதா?" என்றான். ஓம், அதுதான்.

2021இல் வேர்ட்லைப் பொதுவில் விட்ட ஜோஷ் வார்டில், அதை முதலில் தன் துணைவி பலக் ஷாவுக்காகச் செய்தார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறக்குறைய 12,000. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது தெரியும், இது தெரியாது என்று பிரித்தவர் பலக் ஷா. உலகமே விளையாடும் அந்த விடைப் பட்டியல், அடியில், ஒரு பெண்ணுக்குத் தெரிந்த சொற்கள். 2021 நவம்பர் 1ஆம் திகதி விளையாடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் மூன்று இலட்சம்.

இதை வாசித்த இரவுதான் எனக்கு அம்மம்மா ஞாபகம் வந்தா.

அம்மம்மாவுக்கு 84. ஸ்காபரோவில் அம்மாவுடன் இருக்கிறா. ஊரில் தமிழ் படிப்பித்தவ. தமிழ்க்கடையில் இலவசமாகக் கிடைக்கும் பேப்பரை எடுத்துவந்து பென்சிலால் குறுக்கெழுத்து நிரப்புவா. இரண்டு வருடமாகக் கட்டங்கள் பாதியில் நிற்கின்றன. சொல் நாக்கு நுனியில் இருக்கும், வராது. டொக்டர் மூளைக்கு வேலை கொடுக்கச் சொன்னார். நான் ஐரி வேலை செய்பவன், எனக்கென்ன பெரிய வேலையா என்று நினைத்து, அம்மம்மாவுக்கு ஒரு தமிழ் வேர்ட்ல் எழுத உட்கார்ந்தேன்.

முதல் நாளே விழுந்தேன். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. கணினி ஐந்து என்றது. அதற்குத் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எல்லாம் தனித்தனி. 'கொ' அதைவிட மோசம். எங்கள் கண்ணுக்கு ஒரு எழுத்து, சேமித்த விதத்தைப் பொறுத்துக் கணினிக்கு இரண்டு அல்லது மூன்று. கணினியை எங்கள் எழுத்தை எழுத்தாக எண்ண வைக்கவே ஒரு வார இறுதி போயிற்று. அதோடு ஆங்கிலத்தில் 26 எழுத்து, எங்களிடம் 247. அம்மம்மாவிடம் கொடுத்தேன். ஆறு வரியும் சாம்பல். "உதென்ன ராசா, அடுப்புச் சாம்பல் மாதிரிக் கிடக்கு?" என்றா.

மெய் சரி, உயிர் பிழை என்பதற்கு நீல நிறம் ஒன்று சேர்த்தேன். விடையில் 'கா' இருக்க நீங்கள் 'கு' போட்டால் நீலம். அதற்குப் பிறகுதான் விளையாட்டு நடந்தது. ஆனால் உத்தி என்னிடமிருந்து வரவில்லை. நான் எழுத்துகளை எண்ணி அட்டவணை போட்டுக்கொண்டிருக்க, அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "நன்னூலில கிடக்கு எல்லாம்."

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் தூங்கிய பாடம் அது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம். அதற்கு மிக முந்திய தொல்காப்பியத்திலும் இந்த விதிகள் உண்டு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. ரயில், லாபம் போன்று வெளியிலிருந்து வந்தவற்றை விட்டுவிடுங்கள். பதினெட்டில் எட்டு வரிசை முதல் பெட்டியிலிருந்து அப்படியே போய்விட்டது! க், ச், ட், த், ப், ற் என்று சொல் முடியாது. ஒரு சொல்லுக்குள் 'க்' வந்தால் அடுத்தது க வரிசைதான். 'ச்', 'த்', 'ப்' மூன்றுக்கும் அதே கதை. 'ர்', 'ழ்' இரண்டும் தம்மோடு தாம் இரட்டிக்காது. ஒரு பெட்டியில் 'ப்' பச்சையானால் அடுத்த பெட்டிக்கு நீங்கள் தேடவேண்டியது உயிரை மட்டும். ஷனன் 1951இல் ஆட்களை வைத்துச் சோதித்த அட்டவணையைப் பவணந்தி மாணவர்களுக்குப் பாடமாக எழுதி வைத்திருக்கிறார். நான் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கி, அடுத்த நாள் மறந்திருக்கிறேன்.

சொற்பட்டியலை அம்மம்மாவே செய்தா. நான் ஒரு அகராதிக் கோப்பிலிருந்து நாலெழுத்துச் சொற்களைப் போட்டுக் காட்ட, "இது ஆர் கதைக்கிறது?" என்று பாதியை வெட்டினா. பிறகு தானாகச் சொல்லத் தொடங்கினா. திறப்பு. கடகம். பனாட்டு. ஒடியல். ஆடுகால். கடைசிச் சொல் எனக்கு விளங்கவில்லை. கிணற்றில் துலாவைத் தாங்கி நிற்கும் கால்கள் என்று, கையால் காற்றில் கீறிக் காட்டினா. மூன்று பின்னேரங்களில் 212 சொற்கள் வந்தன. அதில் 60, 70 எனக்குத் தெரியாதவை.

போன கிழமை விடை 'ஆடுகால்'. அம்மம்மா ஆறு தடவையிலும் பிடிக்கவில்லை. போனை என்னிடம் நீட்டினா. "உது என்ன சொல் தம்பி? நல்ல சொல்லாக் கிடக்கு."

நான் கையால் காற்றில் கீறிக் காட்டினேன்.

அன்று இரவு நிரலைத் திறந்து ஆறு தடவையை எட்டாக மாற்றிவிட்டேன். அம்மம்மாவுக்குச் சொல்லவில்லை. நேற்று ஏழாவதில் பிடித்துவிட்டா. விடை 'திறப்பு'.